சென்னைக் கல்லூரிகளின் ‘பேர்’: எங்கே செல்லும், எங்கே செல்லாது

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். சொந்தக்காரர்கள், பழைய தோழிகள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று யாராவது ஒருவர் இரண்டு கல்லூரிப் பெயர்களைச் சொல்லி, “இதுல எதும்மா பெரிய காலேஜ்?” என்று கேட்பார்கள். நான் பி.எஸ்சி. கணிதம் படித்தது சென்னையின் அரசு மகளிர் கல்லூரிகளில் ஒன்றில், எம்.எஸ்சி. படித்தது அரசு உதவிபெறும் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில். இப்போது வேலை பார்க்கும் கம்பெனிக்காகக் கேம்பஸ் இன்டர்வியூ எடுக்க இதே ஊரில் பல கல்லூரிகளுக்குப் போய் உட்கார்ந்திருக்கிறேன். இத்தனை பக்கமிருந்தும் பார்த்ததில் எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. சென்னைக் கல்லூரிகளுக்கு ஒரே வரிசை கிடையாது, குறைந்தது மூன்று இருக்கின்றன. சொந்தபந்தம் மனதில் வைத்திருக்கும் வரிசை ஒன்று, வேலைக்கு எடுப்பவர்கள் கையில் இருப்பது இன்னொன்று, அந்தப் பாடத்திலேயே ஊறியவர்கள் சொல்வது மூன்றாவது. இந்த மூன்றும் பல இடங்களில் ஒத்துப்போகாது, ஒத்துப்போகாத இடத்தில்தான் பிள்ளைகள் குழம்பிப் போகிறார்கள்.

சொந்தபந்தத்தின் வரிசையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் வேர் இருக்கிறது. கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில் ஏறி உட்கார்ந்தால் அந்த வரிசையில் பாதியை ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் பார்த்துவிடலாம். பூங்கா நிலையத்தில் இறங்கினால் 1835-ல் தொடங்கிய மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ். எழும்பூர்ப் பக்கம் 1850-ல் தொடங்கிய ஓவியக் கல்லூரி, கொஞ்சம் தள்ளி எத்திராஜ். சேத்துப்பட்டுப் பக்கம் பச்சையப்பன், 1842-ல் தொடங்கியது. நுங்கம்பாக்கத்தில் 1925-ன் லயோலா, அந்தப் பக்கமே கல்லூரிச் சாலையில் 1915-ன் டபிள்யூ.சி.சி., அதாவது மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி. கிண்டியில் இறங்கி பஸ் பிடித்தால் 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரி. குரோம்பேட்டையில் எம்.ஐ.டி., அதாவது மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி. தாம்பரத்தில் இறங்கினால் கிறிஸ்தவக் கல்லூரி, 1837-ல் நகரத்துக்குள் ஒரு பள்ளியாகத் தொடங்கி, சரியாக நூறு வருடம் கழித்து 1937-ல் அந்த 300 ஏக்கருக்கும் மேலான காட்டுக்குக் குடிவந்தது. இந்தத் தடத்தில் வராத பெரிய பெயர்கள் மெரினா ஓரத்து மாநிலக் கல்லூரியும் ராணி மேரியும், கதீட்ரல் சாலை ஸ்டெல்லா மாரிஸும், மயிலாப்பூர் விவேகானந்தாவும். இவ்வளவையும் ஒரே ஊரில் வைத்துக்கொண்டு ஒன்றுக்கொன்று ஒப்பிடாமல் இருக்க யாராலும் முடியாதுதான்.

ஆனால் சொந்தபந்தத்தின் வரிசை நினைவுகளால் ஆனது, நினைவு மாறும்போது வரிசையும் மாறிவிடும். மாநிலக் கல்லூரி என்று சொன்னால் என் தாத்தா தலைமுறை சர் சி.வி. ராமனைச் சொல்லும், அடுத்து சந்திரசேகரைச் சொல்லும். 1930-லும் 1983-லும் இயற்பியலுக்கு நோபல் வாங்கிய இரண்டு பேரும் அங்கே படித்தவர்கள். என் சித்தி தலைமுறையிடம் அதே பெயரைச் சொன்னால் ‘ரூட்டு தல’ (ஒவ்வொரு பஸ் ரூட்டுக்கும் தலைவன் என்று சொல்லிக்கொள்ளும் மாணவன்), பஸ் கூரை மேல் ஏறி நிற்கும் பையன்கள், நியூஸ் சேனல், இதுதான் முதலில் வரும். 2023-ல் மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் இந்தியா முழுவதுமுள்ள கலை அறிவியல் கல்லூரிகளில் மூன்றாவதாக வந்தது அந்தக் கல்லூரி என்று சொன்னால், “அதுவா? நிஜமாவா?” என்கிறார்கள். காது கேளாத மாணவர்களுக்கென்றே தனியாக பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் அங்கே நடக்கின்றன என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. அரக்கோணம் பக்கமிருந்தும் கும்மிடிப்பூண்டி பக்கமிருந்தும் விடியற்காலை ரயிலைப் பிடித்து வந்து, வீட்டிலேயே முதல் ஆளாகப் பட்டம் வாங்கிப் போகிற பிள்ளைகளைப் பற்றி எந்தச் சேனலும் சொல்வதில்லை. பத்துப் பேர் செய்த கலாட்டாவுக்காக ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் சான்றிதழை ஒரு மாதிரி பார்ப்பது எனக்குக் கோபம் வரவழைக்கும் விஷயம், பச்சையப்பனுக்கும் இதே அநியாயம் நடக்கிறது. அரசுக் கல்லூரியில் படித்தவள் என்பதால் சொல்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

இந்த வரிசையில் இன்னொரு குறை, சில இடங்கள் அதில் இடம்பெறவே இல்லை. சிறுசேரியில் சென்னை கணிதவியல் நிறுவனம் இருக்கிறது, சி.எம்.ஐ. என்பார்கள். கணிதத்திலும் கணினி அறிவியலிலும் ஆராய்ச்சிக்குப் போக நினைக்கும் பிள்ளைகள் நாடு முழுவதுமிருந்து நுழைவுத் தேர்வு எழுதி அங்கே வருகிறார்கள், அங்கே இளங்கலை முடித்தவர்களை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் கணிதத் துறைகளுக்கு நன்றாகவே தெரியும். கல்யாண வீட்டில் போய் “பையன் சி.எம்.ஐ.யில் படிக்கிறான்” என்று சொல்லுங்கள், “ஏன், வேற எங்கயும் கிடைக்கலயா?” என்பார்கள். என்னோடு எம்.எஸ்சி. படித்த தோழியின் தம்பிக்கு இது நடந்தது. அவன் அப்பா சங்கடப்பட்டு, அப்புறம் யார் கேட்டாலும் “ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு காலேஜ்” என்று மட்டும் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

வேலைக்கு எடுப்பவர்களின் வரிசை எப்படி உருவாகிறது என்பது வெளியே இருப்பவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கம்பெனிகள் கல்லூரிகளை ‘டயர் ஒன்’, ‘டயர் டூ’ என்று பிரித்து வைத்திருப்பது உண்மைதான். அந்தப் பட்டியலில் கல்லூரியின் வயதுக்கோ கட்டடத்துக்கோ பெரிய இடம் இல்லை. போன வருடம் ஆஃபர் கொடுத்தவர்களில் எத்தனை பேர் வந்து சேர்ந்தார்கள், சேர்ந்தவர்கள் ஒரு வருடமாவது இருந்தார்களா, பிளேஸ்மென்ட் ஆபீசர் போன் எடுக்கிறாரா, சொன்ன தேதியில் ஹாலும் கம்ப்யூட்டரும் தயாராக இருந்தனவா, இவையெல்லாம்தான் அதில் கணக்கு. மிகப் பெரிய பெயருள்ள கல்லூரியிலிருந்து எடுத்தால் பாதிப் பேர் எம்.பி.ஏ.வுக்கும் வெளிநாட்டுக்கும் போய்விடுகிறார்கள் என்று அதைத் தள்ளிவைத்துவிட்டு, புறநகரில் யாரும் பெரிதாகப் பேசாத ஒரு கல்லூரிக்கு வருடம் தவறாமல் போகிற கம்பெனிகளை எனக்குத் தெரியும். பேர் பெற்ற கல்லூரிக்கு நிறைய கம்பெனிகள் வரும் என்பது பொதுவாகச் சரி, ஆனால் உங்கள் துறைக்கு யார் வருகிறார்கள் என்பது தனிக் கேள்வி. வளாகத்துக்கு நாற்பது கம்பெனி வரலாம், அதில் முப்பத்தைந்து பி.காம்.மையும் கம்ப்யூட்டர் பிள்ளைகளையும் மட்டும் கேட்கலாம், தாவரவியல் படிக்கிற பிள்ளை வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

இன்டர்வியூ அறைக்குள் வந்தபிறகு கல்லூரிப் பெயர் எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேட்டால், என் அனுபவத்தில் முதல் இரண்டு கேள்வி வரைக்கும். டேட்டா வேலைக்கு ஆள் எடுக்கும்போது நான் வழக்கமாகக் கேட்கும் ஒரு கேள்வி, சராசரிக்கும் மீடியனுக்கும் என்ன வித்தியாசம், எப்போது எதை நம்புவாய் என்பது. பெயர் சொன்னாலே தலைநிமிர்ந்து பார்க்கிற ஒரு கல்லூரியின் மாணவன் சூத்திரத்தை அழகாகச் சொன்னான், மேலே கேட்டதும் நின்றுவிட்டான். வடசென்னையில் இருந்து வந்த ஒரு பெண், அதிகம் பேசப்படாத கல்லூரி, கொஞ்சம் யோசித்துவிட்டு, “எங்க தெருவுல பதினோரு வீடு மேடம். அதுல ஒரு வீடு நகைக்கடைக்காரங்க வீடு. சராசரி எடுத்தா தெருவுல எல்லாருமே பணக்காரங்கன்னு வரும். வருமானப்படி வரிசையா நிறுத்தி ஆறாவது வீட்டைப் பாருங்க, அதுதான் எங்க தெரு” என்றாள். அவளை எடுத்துக்கொண்டோம். அவள் சொன்ன அதே கணக்கை வைத்துத்தான் கல்லூரிகளின் பிளேஸ்மென்ட் விளம்பரத்தையும் படிக்க வேண்டும்.

கல்லூரி வாசலில் இருக்கும் ஃபிளெக்ஸைப் பார்த்திருப்பீர்கள், மேலே பெரிய எழுத்தில் ‘அதிகபட்ச சம்பளம்’, கீழே வரிசையாகப் போட்டோ. அதிகபட்சம் என்பது ஒரு ஆள், அது நகைக்கடைக்காரர் வீடு. ‘95 சதவீதம் பிளேஸ்மென்ட்’ என்று போட்டிருந்தால் எதில் 95 என்று கேளுங்கள். பல இடங்களில் அரியர் இல்லாமல், குறிப்பிட்ட மார்க்குக்கு மேல் வாங்கி, பிளேஸ்மென்டுக்குப் பெயரும் கொடுத்த பிள்ளைகளை மட்டும் வகுத்தியில் வைத்துக்கொள்வார்கள். ஒரே பிள்ளைக்கு மூன்று கம்பெனி ஆஃபர் கிடைத்தால் அதை மூன்றாக எண்ணுவதும் உண்டு. இதற்கெல்லாம் நல்ல மாற்று ஒன்று இருக்கிறது, ஏனோ பெற்றோர் யாரும் பார்ப்பதில்லை. என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள் தாங்கள் கொடுத்த தகவல்களைத் தங்கள் இணையதளத்திலேயே போட்டு வைக்க வேண்டும். அந்த பி.டி.எஃப்.பைத் திறந்தால் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, அவர்களின் மீடியன் சம்பளம் எவ்வளவு, எத்தனை பேர் மேல்படிப்புக்குப் போனார்கள் என்று வருட வாரியாக அட்டவணை இருக்கும். கல்லூரியே கொடுத்த கணக்குதான், இருந்தாலும் ஃபிளெக்ஸை விட ஆயிரம் மடங்கு பரவாயில்லை. ரேங்க் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், அந்த மொத்த மதிப்பெண்ணில் ‘பெர்செப்ஷன்’ என்று ஒரு பகுதி உண்டு, அதாவது பேர். பேரை அளக்கப் போய் பேரையே திரும்பவும் எண்ணிக்கொள்ளும் பகுதி அது. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பான நாக் கொடுக்கும் கிரேடைப் பார்ப்பதானால் எந்த வருடம் வாங்கியது என்றும் பாருங்கள், அதற்குக் காலக்கெடு உண்டு.

அப்புறம் மூன்றாவது வரிசை, பாடத்துக்குள் இருப்பவர்களுடையது. எனக்கு அதிகம் நம்பிக்கை இதில்தான். இவர்கள் கல்லூரியைச் சொல்ல மாட்டார்கள், துறையைச் சொல்வார்கள். மருத்துவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் எம்.எம்.சி., ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் என்று ஒரு வரிசை எல்லோருக்கும் மனப்பாடம், கவுன்சலிங்கில் இடங்கள் நிரம்புவதும் ஏறத்தாழ அப்படித்தான். ஆனால் ஒரு டாக்டரிடம் கேட்டால் கை அறுவை சிகிச்சைக்கு ஸ்டான்லி என்பார், தீக்காயத்துக்குக் கீழ்ப்பாக்கம் என்பார். பொறியியலில் கிண்டி முதல் என்பது ஊரறிந்தது, ஆனால் வானூர்தி என்று வந்தால் குரோம்பேட்டை எம்.ஐ.டி.தான். வானூர்தி, ஆட்டோமொபைல், எலெக்ட்ரானிக்ஸ், இன்ஸ்ட்ருமென்டேஷன் என்று அந்தக் காலத்தில் மற்ற இடங்களில் கிடைக்காத படிப்புகளைச் சொல்லித் தரவே 1949-ல் தொடங்கப்பட்ட இடம் அது, அப்துல் கலாம் அங்கேதான் ஏரோநாட்டிக்ஸ் படித்தார். சினிமா, விளம்பரம் என்று கனவு காண்கிற பிள்ளைகள் லயோலா விஸ்காமை (விஷுவல் கம்யூனிகேஷன்) சொல்வதும், எச்.ஆர். வேலைக்குப் போக நினைப்பவர்கள் எழும்பூரில் இருக்கும் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க்கைத் தேடிப் போவதும், ஓவியத்துக்கு எழும்பூர் ஓவியக் கல்லூரிதான் என்று பெற்றோரிடம் சண்டை போட்டுச் சேர்வதும் இதே மாதிரிதான். இந்தப் பெயர்களில் சில சித்தப்பா வரிசையில் பத்தாவது இடத்தில்கூட இருக்காது.

இடமும் இதில் சேரும். டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி பல தலைமுறையாக உயர் நீதிமன்றத்தை ஒட்டியே இருந்தது. வகுப்பு முடிந்து நடந்தே கோர்ட்டுக்குள் போய் வாதத்தைக் கேட்கலாம், சீனியர் ஆபீஸ் தம்புச்செட்டித் தெருவில் கூப்பிடு தூரத்தில். 2018-ல் கல்லூரியைப் புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் மாற்றிவிட்டார்கள். புதுக் கட்டடம், நல்ல வசதி எல்லாம் உண்டு, ஆனால் கோர்ட் தூரமாகிவிட்டது. சட்டம் படிக்கும் பிள்ளைக்கு அந்த நடை தூரம் எவ்வளவு பெரிய சொத்து என்பது எந்த ரேங்க் பட்டியலிலும் வராது. சி.ஏ. படித்துக்கொண்டே பி.காம். போகிற பிள்ளைகள் மயிலாப்பூர், தி.நகர் ஆடிட்டர் ஆபீஸ்களுக்குப் போய்வர வசதியாக ஷிப்ட் பார்த்துக் கல்லூரி தேர்ந்தெடுப்பதும் இதே கணக்குதான். வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு, இவ்வளவு மார்க் வாங்கிவிட்டு ஏன் அந்தக் கல்லூரிக்குப் போனான் என்று தோன்றும். அவனுக்குத் தெரியும் ஏன் என்று.

ஒரே கல்லூரிக்குள்ளேயே இரண்டு கல்லூரி இருப்பது பற்றிக் கட்டாயம் பேச வேண்டும், சென்னையில் இது ரொம்ப முக்கியம். உதவிபெறும் பழைய கல்லூரிகளில் பெரும்பாலும் எய்டட் பிரிவு ஒன்று, செல்ஃப் பைனான்ஸ் பிரிவு ஒன்று. ஷிப்ட் ஒன்று, ஷிப்ட் இரண்டு என்றும் சொல்வார்கள். எய்டட் பிரிவில் ஆசிரியர்களுக்கு அரசு சம்பளம், மாணவர்களுக்குக் கட்டணம் குறைவு. செல்ஃப் பைனான்ஸில் கட்டணம் பல மடங்கு, ஆசிரியர்கள் நிர்வாகம் நியமித்தவர்கள், அவர்களில் நல்லவர்கள் நிறைய உண்டு, ஆனால் சம்பளம் போதாமல் வருடா வருடம் மாறிக்கொண்டே இருப்பார்கள். போன வருடம் என் அத்தை மகள் போன் செய்து, “அக்கா, எனக்கு அந்தப் பெரிய காலேஜ்ல செகண்ட் ஷிப்ட் கிடைச்சிருக்கு, இன்னொரு காலேஜ்ல எய்டட் கிடைச்சிருக்கு, வீட்ல எல்லாரும் பெரிய காலேஜ்னே சொல்றாங்க” என்றாள். நான் கேட்டது, செகண்ட் ஷிப்ட் பிள்ளைகளுக்கு லேப் எத்தனை மணி வரை, லைப்ரரி எத்தனை மணி வரை, கடைசி வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்துசேர எத்தனை மணி ஆகும், மூன்று வருட ஃபீஸ் வித்தியாசம் எவ்வளவு. அவளே போய் விசாரித்தாள். ஷிப்ட் முடிகிற நேரத்துக்கு லைப்ரரியும் மூடிவிடுகிறது என்று தெரிந்தது. அவள் எய்டட் பக்கம் போனாள்.

அதே சமயம், வேலைக்கு எடுக்கும் இடத்தில் எந்த ஷிப்ட் என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அதனால் வெறும் பெயர்தான் வேண்டும், படிப்பை நானே பார்த்துக்கொள்வேன் என்று உறுதியாக இருப்பவர்களுக்கு ஷிப்ட் இரண்டும் சரிதான். பட்டம் எந்தப் பல்கலைக்கழகத்துடையது என்ற பயமும் வேண்டாம். லயோலா, கிறிஸ்தவக் கல்லூரி, ஸ்டெல்லா, மாநிலக் கல்லூரி என்று நாம் போட்டி போட்டு ஒப்பிடுகிற இவை எல்லாமே 1857-ல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை, பட்டத்தில் இருப்பது அதன் பெயர். லயோலாவும் கிறிஸ்தவக் கல்லூரியும் 1978-லேயே தன்னாட்சி பெற்றவை, பாடத்திட்டமும் தேர்வும் அவர்களே நடத்துவது, ஒப்பிட வேண்டியது அந்தப் பாடத்திட்டத்தைத்தான். இரண்டு கல்லூரிகளின் பி.எஸ்சி. சிலபஸைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஐந்தாம் செமஸ்டரில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் போதும், கல்லூரி தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

பொறியியல் பக்கம் வருகிறவர்கள் கேட்கும் கேள்வி வேறு, “காலேஜா கோர்ஸா?” கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கட்ஆஃப் போட்டு ஒற்றைச் சாளரத்தில் நிற்கும்போது இந்தக் கேள்வி எல்லோரையும் பிடித்து ஆட்டும். என் கருத்து இதுதான்: கிண்டி, எம்.ஐ.டி., ஏ.சி. டெக் (அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி) போன்ற அண்ணா பல்கலைக்கழகத்தின் சொந்தத் துறைகளில் ஓரளவு பிடித்த எந்தக் கோர்ஸ் கிடைத்தாலும் எடுங்கள். அதற்கு அடுத்த வட்டத்தில் இருக்கும் நல்ல தனியார் கல்லூரிகளுக்குள் ஒன்றுக்கொன்று பேரை ஒப்பிட்டு மண்டையை உடைத்துக்கொள்ளாமல் கோர்ஸைப் பாருங்கள். அதற்கும் கீழே வந்துவிட்டால் பேர் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை, அங்கே பார்க்க வேண்டியது பாஸ் பர்சன்டேஜ், அண்ணா பல்கலைக்கழகம் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விவரத்தைக் கல்லூரி வாரியாக வெளியிடுகிறது. முந்தைய வருடங்களில் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு எந்த இனத்துக்கு எத்தனை கட்ஆஃபில் முடிந்தது என்பதும் கவுன்சலிங் தளத்திலேயே கிடைக்கும். கன்சல்டன்சி என்று போன் செய்பவர்களிடம் கேட்க வேண்டியது ஒன்றும் இல்லை, சீட்டுக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்குகிறவர் எப்படி உங்கள் பக்கம் பேசுவார்?

முன்கூட்டியே பணம் கட்டி சீட் பிடித்து வைப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏப்ரலிலேயே ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் பயந்துபோய் ஒரு பெரிய தொகையைக் கட்டிவிடுகிறார்கள், அப்புறம் கவுன்சலிங்கில் நல்ல இடம் கிடைக்கும்போது கட்டிய பணம் திரும்பி வருமா என்று அலைகிறார்கள். எங்கள் உறவில் ஒரு வீட்டில் பணம் திரும்பி வர மாதக்கணக்கில் ஆனது, அதற்குள் வேறு இடத்துக்குக் கட்டக் கடன் வாங்கினார்கள். பணம் கட்டும் முன்பே ரீஃபண்ட் விதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒரிஜினல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்பது யு.ஜி.சி. விதி. அதை மென்மையாக, ஆனால் விடாமல் சொல்லுங்கள். அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகள் 7.5 சதவீத ஒதுக்கீட்டையும், வீட்டில் முதல் பட்டதாரியாக வருகிறவர்கள் அந்தச் சலுகையையும் பயன்படுத்த வேண்டும் என்றால் கவுன்சலிங் வழியாகத்தான் போக வேண்டும், நிர்வாக ஒதுக்கீட்டில் அவசரப்பட்டுச் சேர்ந்தால் அது போய்விடும். அரசு கலைக் கல்லூரிகளுக்கு ஒரே ஆன்லைன் விண்ணப்பம், உதவிபெறும் கல்லூரிகளுக்குத் தனித்தனியாகப் போட வேண்டும், தேதிகள் ஒன்றோடொன்று மோதும். ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

நேரில் போய்ப் பாருங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், எதைப் பார்ப்பது என்று சொல்வதில்லை. நான் இன்டர்வியூவுக்குப் போகும் நாட்களில் கவனிப்பது சில. லைப்ரரி வாசலில் இருக்கும் வருகைப் பதிவேட்டில் நேற்றைய பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பேன், பிள்ளைகள் கையெழுத்து இருக்கிறதா வெறும் கோடா என்று. லேபில் பியூரெட்டும் பிப்பெட்டும் ஈரமாக இருந்தால் பயன்படுத்துகிறார்கள், தூசி படிந்திருந்தால் இன்ஸ்பெக்‌ஷனுக்கு மட்டும் வெளியே எடுக்கிறார்கள். துறை நோட்டீஸ் போர்டில் போன வருடக் கருத்தரங்க அழைப்பிதழ் இன்னும் தொங்கினால் அதன்பிறகு ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தம். பெண் பிள்ளையைச் சேர்ப்பதாக இருந்தால் அம்மா ஒரு தடவை மாணவிகள் கழிவறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும், தண்ணீர் வருகிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று. மூன்று வருடம் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு படித்த பிள்ளைகள் எங்கள் வகுப்பில் இருந்தார்கள். அப்புறம் வாசலில் இருக்கும் டீக்கடையிலோ ஜெராக்ஸ் கடையிலோ நிற்கும் மூன்றாம் வருடப் பிள்ளைகளிடம், “எந்த சார் கிளாஸுக்கு ஒழுங்கா வருவார்?” என்று மட்டும் கேளுங்கள். அவர்கள் ஒரு பெயரைச் சொல்லி முகம் மலர்ந்தால் அந்தத் துறையில் உயிர் இருக்கிறது. எனக்கு இளங்கலையில் அப்படி ஒரு ஆசிரியை இருந்தார், ரியல் அனாலிசிஸ் எடுத்தவர். கல்லூரிக்குப் பெரிய பெயர் இல்லை, துறையில் பாதி இடம் காலி, கௌரவ விரிவுரையாளர்களை வைத்துத்தான் வகுப்புகள் ஓடின. ஆனால் அவர் ஒருவர் போட்ட அடித்தளத்தில்தான் பெரிய பெயருள்ள கல்லூரியின் எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வை நான் எழுதினேன். அங்கே போய்ப் பார்த்தால் பெரிய கல்லூரிகளில் இளங்கலை முடித்து வந்தவர்களுக்கு ஆங்கிலம் சரளமாக வந்தது, கேள்வி கேட்கத் தயக்கம் இல்லை, யாரிடம் போய் நிற்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. கணக்கில் எனக்கும் அவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பேர் பெற்ற கல்லூரி கொடுப்பது பெரும்பாலும் இந்தத் தைரியத்தைத்தான், அது சின்ன விஷயமும் இல்லை. வீட்டில் யாரும் படிக்காத பிள்ளைக்கு அந்தத் தைரியம் கிடைக்கும் இடம் அமைந்தால் கொஞ்சம் சிரமப்பட்டாவது அனுப்புங்கள் என்றுதான் சொல்வேன். ஆங்கிலம் வராது என்று பயந்து நல்ல சீட்டை விட்டுவிடாதீர்கள், அது முதல் வருடத்து ஜுரம், இரண்டாவது செமஸ்டருக்குள் இறங்கிவிடும்.

நினைத்த கல்லூரி கிடைக்காதவர்களுக்கு இந்த ஊர் கொடுக்கும் வசதி வேறு எந்த ஊரிலும் இவ்வளவு எளிதாகக் கிடைக்காது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குள் போக எந்தக் கல்லூரி என்று யாரும் கேட்பதில்லை, எழும்பூர் கன்னிமாராவும் அப்படித்தான். ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2020-ல் தொடங்கிய ஆன்லைன் டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பில் ஜே.இ.இ. எழுதாமலே, தகுதிச் சுற்றைத் தாண்டி, நீங்கள் இருக்கும் கல்லூரியில் படித்துக்கொண்டே சேரலாம். இப்போது எங்களிடம் வரும் பயோடேட்டாக்களில் சாதாரணக் கல்லூரிப் பெயருக்குக் கீழே அந்த வரி நிறைய வருகிறது, நாங்கள் அதை நின்று படிக்கிறோம். ஐ.ஐ.டி.கள் சேர்ந்து ஆன்லைனில் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்கள் இலவசம், தேர்வுக்கு மட்டும் கட்டணம். ஐ.ஐ.டி.யின் கோடைக்கால ஃபெலோஷிப்புக்கு மற்ற கல்லூரி மாணவர்கள் விண்ணப்பிக்கலாம். கல்லூரிகளுக்கிடையே நடக்கும் கருத்தரங்கு, சிம்போசியம் எதையும் விடாதீர்கள். நுழைவுக் கட்டணம் நூறு இருநூறு இருக்கும், சில இடங்களில் அதுவும் இருக்காது. அங்கே போய் மற்ற கல்லூரிப் பிள்ளைகளோடு பேசி, அவர்கள் எந்தப் புத்தகம் படிக்கிறார்கள் என்று கேட்டு வாருங்கள். துறைத்தலைவரிடம் ஓ.டி. (வகுப்புக்கு வராவிட்டாலும் வருகை கொடுக்கும் ‘ஆன் டியூட்டி’ அனுமதி) வாங்க வேண்டுமானால் அழைப்பிதழின் நகலோடு இரண்டு நாள் முன்பே போங்கள், கடைசி நாளில் போனால் கையெழுத்து கிடைக்காது.